மேலே நாலு வரி, கீழே மூணு

தர்மபுரி ஆட்சியர் அலுவலக வாசலில்
திங்கட்கிழமை ஏழரைக்கே கடை போட்டுவிடுவேன்.
கடை என்றால் ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு லேப்டாப்,
ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும் சின்ன பிரிண்டர்.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய், நகல் சேர்த்து.

லேப்டாப்பில் ஒரு கோப்பு இருக்கிறது.
அதன் பெயர் மரியாதை.

உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களின் சமூகத்திற்கு,
மதிப்பிற்குரிய ஐயா,
தங்கள் பொன்னான நேரத்தில் குறுக்கிடுவதை மன்னிக்க வேண்டித்
தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்
— இது மேலே நாலு வரி.
கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு
பாதம் பணிந்து கேட்டுக்கொள்ளும்
தங்கள் பணிவுள்ள
— இது கீழே மூணு.
நடுவில் கொஞ்சம் வெள்ளை.
பட்டாவோ பென்ஷனோ ஓடிப்போன புருஷனோ
அதற்குள் முடங்கி உட்கார வேண்டும்.

பத்தொன்பது வருஷத்தில் நான் படித்த இலக்கணம் இவ்வளவுதான்:
சாமிக்கு ஒருமை, தாசில்தாருக்குப் பன்மை.
முருகனை வாடா என்றால் பக்தி,
கிளார்க்கை வா என்றால் ஃபைல் காணாமல் போகும்.
கேட்டில் நிற்கும் காவலர்
'மரியாதையா சொல்றேன்' என்று ஆரம்பித்தால்
ஸ்டூலை மடக்க வேண்டும்.
போண்டா மடித்துத் தந்த பேப்பரில்
யாரோ யாரையோ மரியாதை நிமித்தம் சந்தித்திருக்கிறார்.
எண்ணெய் ஊறி இருவருக்கும் ஒரே முகம்.

பொன்னுருவி வந்தாள்.
பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறி, ஏழாவது தடவை.
விஷயம் பழசு. அவள் தெருவுக்குச் சுடுகாட்டு வழி இல்லை.
ஒவ்வொரு சாவுக்கும் கேழ்வரகுக் கொல்லைக்காரர் முன்னால்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்.
பயிர் நிற்கிற மாசத்தில் செத்தால்
ஓடை வழிதான்.

அடித்து முடித்தேன்.
'படி' என்றாள். படித்தேன்.
'பணிவு எத்தன வரி?'
ஏழு.
'வழி?'
எண்ணினேன். ஒன்றரை.
'மாத்திப் போடு' என்றாள்.

அன்றைக்குத்தான் அந்தக் கோப்பைத் திறக்காமல்
வெறும் பக்கத்தில் ஆரம்பித்தேன்.

ஐயா,
எங்கள் தெருமுனையிலிருந்து சுடுகாடு
என் காலால் எழுநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
போன ஐப்பசியில் என் மாமனார் தீர்த்தகிரியை
ஓடையில் கொண்டுபோனோம்.
பின்னால் பிடித்த பையன் வழுக்கினான்.
அவர் தண்ணீரில் விழுந்தார்.
எடுத்துத் துடைத்து மறுபடி பாடையில் வைத்தோம்.
மாலை போய்விட்டது.
சங்கு ஊதியவர் என்ன செய்வதென்று தெரியாமல்
ஊதிக்கொண்டே இருந்தார்.
வழி வேண்டும்.
பொன்னுருவி.

'இறுதி மரியாதைன்னு ஒரு எடத்துல போடட்டுமா?' கேட்டேன்.
'அதான் தண்ணியில போச்சே' என்றாள்.

மனு வாங்கும் மேஜையில் இருந்தவர்
தாளைத் திருப்பிப் பார்த்தாராம், பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்று.
'என்னம்மா, மரியாதை இல்லாம எழுதியிருக்கே.
எது எழுதிக் குடுத்துச்சு இத?'
முத்திரை மட்டும் குத்தினார்.

அந்தப் பேச்சில் ஒரு 'ங்க' கிடையாது என்பதை
பேட்டரியைக் கழற்றும்போது நினைத்துச் சிரித்தேன்.
ஸ்கூட்டர் நாலு ரோடு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.
ஏழு மனுவுக்கும் நான் சொன்னது:
வா. உக்காரு. எந்த ஊரு நீ. அப்புறம் வா.
இதோ இதிலும்கூட, மேலே பாருங்கள்,
வந்தாள், என்றாள், என்றாள்.

பதில் வரவில்லை. கொல்லையில் கதிர் முற்றியது.
அடுத்த மாதம் ஒரு திங்கள், கூட்டத்துக்கு நடுவில்
பொன்னுருவி வந்தார்.
'வாங்க, உக்காருங்க' என்றேன்.
திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.
அங்கே யாரும் இல்லை.
என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்,
முந்தானை முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டு:
'என்ன, நாப்பது ரூவா ஏறிப்போச்சா?'